ஏற்றத்தில் ரேடியேட்டர், இறக்கத்தில் பிரேக்



கேமரன் மலையில் வளரும் பிள்ளைகளுக்கு லேண்ட் ரோவர் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை, காய்கறித் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் தேயிலை மலையின் ஒற்றை வழியிலும் அந்தச் சதுர முகத்து வண்டிதான் ஏறி இறங்குகிறது. கோஸ் கூடை, உர மூட்டை, தேயிலைக் கொழுந்து என்று எல்லாவற்றையும் அது சுமக்கிறது. பல நேரம் ஆட்களையும் சுமக்கிறது. அதனால் இன்றைய பேச்சு ஓட்டுநருக்கு மட்டும் உரியதல்ல. பின்தட்டில் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிற குடும்பத்தாருக்கும் உரியதுதான்.

இந்த வண்டி 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. இரண்டாம் வரிசை 1958இலும் மூன்றாம் வரிசை 1971இலும் வந்தன. மூன்றாம் வரிசையின் தயாரிப்பு 1985இல் நின்றுவிட்டது. அப்படியென்றால் இன்று ஓடுகிற மூன்றாம் வரிசை வண்டிகளில் மிக இளையதற்கே நாற்பது வயது ஆகிவிட்டது! இவ்வளவு காலம் இந்த ஈர மலையில் அவை தாங்கி நிற்பதற்கு ஒரு காரணம், மேல் உடம்பு அலுமினியக் கலவைத் தகட்டால் ஆனது. அது இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அடிச்சட்டமும் பிரேக் எண்ணெய் போகும் குழாய்களும் இரும்பு. மேலே பார்த்தால் வண்டி திடமாக நிற்கும், கீழே குழாய் அரித்துக்கொண்டிருக்கும். பழைய வண்டியை வாங்குகிறவர்கள் வர்ணத்தைப் பார்த்து விலை பேசுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! குனிந்து அடியைப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

நம் மலைக்கு வண்டிச் சாலைகள் பல பக்கம் இருக்கின்றன. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக வருவது பழைய சாலை. அது 1931இல் போட்டு முடிந்தது. இன்னொன்று சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிக் கம்போங் ராஜாவைத் தொட்டு, லோஜிங் வழியாகக் குவா மூசாங் பக்கம் போகிற அகலமான சாலை. பழைய சாலையில் வளைவு அதிகம்; வண்டி தானாகவே மெதுவாகத்தான் போகும். புதிய சாலையோ அகலமானது, நீண்ட இறக்கங்கள் கொண்டது. அகலமாக இருப்பதால் ஆபத்து குறைவு என்று நினைக்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, இந்தச் சாலையில் மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து நாட்டவர்.

இறக்கத்தில் வண்டிக்கு என்ன நடக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்கோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எஞ்சின் செலவழித்த சக்தி, இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. வண்டி வேகம் எடுக்காமல் இருக்க வேண்டுமானால் அந்தச் சக்தி முழுவதும் சூடாகி வெளியே போக வேண்டும். எவ்வளவு சூடு தெரியுமா? மூன்று மண்ணெண்ணெய் டின் நிறைய, ஏறத்தாழ 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு! காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது நான்கு சக்கரத்துப் பிரேக்குகள் தாங்க வேண்டும்.

ரேடியேட்டரும் பிரேக்கும் வெவ்வேறு சமாச்சாரம் என்று நாம் நினைக்கிறோம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், சூட்டை வெளியேற்றுவது. ஏற்றத்தில் அந்தச் சுமை ரேடியேட்டர் தலையில், இறக்கத்தில் பிரேக் தலையில்.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். பழைய லேண்ட் ரோவருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சுழலுகிற இரும்புச் சட்டிக்குள் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து உரசுகின்றன. நீண்ட இறக்கத்தில் பெடலை அழுத்திக்கொண்டே வந்தால் சட்டி சூடேறி விரிந்துவிடும். ஷூ அதை எட்டிப் பிடிக்க அதிக தூரம் போக வேண்டும். பெடல் ஆழமாக இறங்கும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் அளவுக்கு மீறிச் சுட்டால் பிடிமானமும் குறையும். கருகிய வாடை வரும். இதற்கு அடுத்த கட்டம் இன்னும் மோசமானது. குழாயில் இருக்கும் பிரேக் எண்ணெயே கொதித்து ஆவியாகும். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். அப்போது பெடல் பஞ்சுபோல் கீழே போய்விடும், வண்டி நிற்காது.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு செய்தி. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230உம் 155உம். பனியும் மழையும் ஓயாத நம் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றிவிடுவதே சரி. குறைந்தபோது கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுகிறவர்களும் உண்டு. அது உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்களை ஊதவைத்துப் பிரேக்கையே கெடுத்துவிடும்.

இனி, என்ன மாற்றலாம்? பட்டறையில் கேட்டால், டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். டிஸ்க் பிரேக் நல்லதுதான். வட்டத் தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். நீரில் நனைந்தாலும் விரைவில் காய்ந்துவிடும். லேண்ட் ரோவர் நிறுவனமே 1983இல் வெளியிட்ட 110 வண்டியின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தது. ஆனால் எங்களைக் கேட்டால், பழைய வண்டிக்கு முதல் செலவு அதுவல்ல.

இருக்கிற டிரம் பிரேக் அதன் முழுப் பலத்தில் வேலை செய்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வண்டிகளில் ஷூ தேயத் தேயப் பிரேக் தானாக இறுகிக்கொள்ளாது. சக்கரத்தின் பின்புறத் தகட்டில் உள்ள திருகாணியை அவ்வப்போது முறுக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை கொண்டுபோய், பிறகு உரசாமல் சுழலும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்ததுமே, பிரேக் போய்விட்டது என்று சொன்ன வண்டிகளில் பல ஒழுங்காக நிற்கத் தொடங்கும். கசியும் சிலிண்டர்களை மாற்றுங்கள். துருப்பிடித்த குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலவைக் குழாய் போடலாம், அது துருப்பிடிக்காது. வெடிப்பு விட்ட ரப்பர் குழாயை ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம்.

அடுத்த செலவு, இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர். பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியாகப் போகிறது. எங்கோ ஓரிடத்தில் குழாய் அறுந்தால் நான்கும் போச்சு. இரட்டைப் பாதை அமைப்பில் முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். ஆட்களை ஏற்றுகிற வண்டிக்கு டிஸ்க்கைவிட இது முந்தியது என்பது நம் கருத்து.

அதற்குப் பிறகு டிஸ்க் போடுவதானால் முழுமையாகப் போட வேண்டும். டிரம் பிரேக்கில் சுழலும் சட்டியே ஷூவை இழுத்து இறுக்க உதவுகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை; கால் பலம் அதிகம் வேண்டும். அதனால் சர்வோ என்னும் உதவிப் பெட்டியும் பொருத்தமான அளவுள்ள மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்தே வர வேண்டும். சர்வோ வேலை செய்ய வெற்றிடம் தேவை. பெட்ரோல் எஞ்சினில் அது உறிஞ்சு குழாயிலிருந்து கிடைக்கும். டீசல் எஞ்சினுக்குத் தனியாக வெற்றிடப் பம்பு வேண்டும். டிஸ்க்கைப் பிடிக்கும் தாங்கியைப் பட்டறையிலேயே வெட்டி ஒட்டவைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த ஒட்டு விட்டால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. இத்தகைய மாற்றங்களுக்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

எண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. எஞ்சின் நின்றால் சர்வோவில் மிஞ்சுவது இரண்டு மூன்று அழுத்தலுக்கான பலம்தான். கியரும் இல்லை, எஞ்சினின் பிடிப்பும் இல்லை. அந்த மூன்று டின் தண்ணீரின் சூடு முழுவதும் பிரேக்கின் மேல். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எஞ்சின் சத்தம் நின்றால், தட்டைத் தட்டி, “அண்ணே, கியர்ல போட்டு இறக்குங்க” என்று சொல்லுங்கள். கருகிய வாடை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டுநர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி ரேடியேட்டர். நம் வீட்டில் சோறு வேக நேரமாகிறது அல்லவா? உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் நம் மலையில் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினில் அப்படிக் கொதிக்காமல் தடுப்பது ரேடியேட்டர் மூடி. மூடியில் 9 அல்லது 10 என்று எண் போட்டிருக்கும். அதன் ரப்பரும் சுருளும் நன்றாக இருந்தால் கொதிநிலை 15 டிகிரிக்குக் குறையாமல் உயரும். சில வெள்ளி பெறுமான மூடி கெட்டுப் போனதைக் கவனிக்காமல், புது ரேடியேட்டருக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக, அதிக எண் போட்ட மூடியை வாங்கிப் பழைய ரேடியேட்டரில் மாட்டவும் கூடாது, ஒட்டுகள் பிளந்துவிடும்.

ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது இன்னொரு பழக்கம். அதில் வரும் வண்டலும் துருவும் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். வடித்த நீரோடு கூலன்ட் என்னும் மருந்தைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நமக்குப் பனிக்கட்டி உறையும் பயம் இல்லை. ஆனால் அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஒரு எச்சரிக்கை: அந்த மருந்து இனிக்கும், ஆனால் கொடிய விஷம். பச்சை நிறத்தில் சர்பத்துபோல் இருக்கும். பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் கழுவிவிடுங்கள். நாயும் நக்கும், பிள்ளையும் தொடும்.

சூடு அதிகமானால் சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நம் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் தேய்ந்துபோகும். சில எஞ்சின்களில், அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். சூடு இன்னும் கூடும். கழற்றுவதற்குப் பதில் புதியது போடுங்கள். முன்பக்கத் தேன்கூட்டில் சேரும் சேற்றையும் இலையையும் எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். விசிறியைச் சுற்றிக் கூடு இல்லையென்றால் ஒன்று பொருத்துங்கள், மெதுவாக ஏறும்போது அதுதான் காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்கச் செய்யும். மின்விசிறி போட விரும்பினால், பழைய டைனமோ அதற்கு மின்சாரம் கொடுக்கப் போதாது. ஆல்டர்னேட்டர் போட்ட பிறகே அந்த யோசனை. பழைய எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரிய டீசல் எஞ்சின் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். எஞ்சின் பலத்துக்குத் தக்க ரேடியேட்டரும், அந்த வேகத்துக்குத் தக்க பிரேக்கும் முதலில் இருக்க வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

வீட்டு வாசலில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். பழைய ஷூக்களின் லைனிங்கில் கல்நார் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. வாயாலோ காற்றுப் பம்பாலோ ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். வேலைச் சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மற்றொன்று, இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் அந்தச் சக்கரம் சுழன்றுகொண்டு, வண்டி உருண்டுவிடலாம். ஜாக்கி வைப்பதற்கு முன், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், பிள்ளைகளைச் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்க விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சரக்கில்லாமல், சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிறகு சிறிய சரிவு, அதற்கும் பிறகே சிம்பாங் பூலாய் இறக்கம். ஒரு வாரம் கழித்து எல்லா இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்து, திருகாணியை இன்னொரு முறை சரிசெய்யுங்கள். புது ஷூ முதல் வாரத்தில்தான் படிந்து இடம்விடும்.