கூட்டாளி போன பிறகு

(அத்திபெலே உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இங்கு பலர் செக்போஸ்ட் தாண்டி ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே அமெரிக்க உதாரணம் வேண்டாம், டி.வி.எஸ்.ஸையே பார்ப்போம்.

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வந்தது. பிறகு பைக் தயாரிக்க ஜப்பானின் சுசூகியுடன் கூட்டு. 2001-ல் அது முறிந்தது. தொழில்நுட்பம் தந்தவரே விலகினால் மிச்சம் என்ன? ஆனால் அதே 2001-ல் சொந்த வடிவமைப்பில் ஃபோர் ஸ்ட்ரோக் 'விக்டர்' விற்பனைக்கு வந்துவிட்டது. 2002-ல் டெமிங் பரிசு, அதுவும் ஜப்பானிலிருந்தே!

ஒரு பைக்கை ஒரே வருஷத்தில் உருவாக்க முடியாது. கூட்டு இருக்கும்போதே வேணு ஸ்ரீநிவாசன் ஆராய்ச்சிப் பிரிவை வளர்த்திருக்கிறார். மனோதைரியம் என்று நாம் புகழ்வதில் பாதி இந்த முன்னேற்பாடுதான் என்பது என் அபிப்பிராயம்.

தனி மனிதருக்கு ஆராய்ச்சிப் பிரிவு ஏது? ஐம்பது வயதில் வேலை போய், ஆத்தில்கூடச் சொல்லாமல் டிபன் பாக்ஸுடன் தினமும் கிளம்புகிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களிடம் 'தைரியமாக இரு' என்பதில் பிரயோஜனமில்லை. பெரிய பதவியில் இருப்பவர்கள், உங்கள் கம்பெனியில் காலியிடம் வந்தால் கிளைச் செயலாளரிடம் தெரிவியுங்கள். வேலை தேடுவோரும் தயங்காமல் அவரிடம் பேசலாம். பெயர் வெளியே வராது.