எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேனியில் பட்டறை வைத்திருப்பவன் நான். பெரிய விஷயமெல்லாம் பேசத் தெரியாது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு வால்வு எனக்குப் பேச்சு வாங்கித் தந்த கதையைச் சொல்கிறேன்.

போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் பெட்ரோல் கார் கொண்டுவந்தார். கிராங்க் சீலில் ஆயில் ஒழுகியது. சீலை மாற்றினேன். போடிமெட்டு ஒருதடவை ஏறி இறங்கியதும் மறுபடி ஒழுகல். மறுபடி மாற்றினேன், கூலியும் வாங்கினேன். மூன்றாம் முறை வந்தவர், "ஏப்பா, நீ காலேஜ்ல படிச்சவன்தானே?" என்றார்.

சீலில் குற்றமே இல்லை. பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு, எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி எல்லாம் கொஞ்சம் கிராங்க்கேசுக்குள் கசிந்தே தீரும். போக வழியில்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். மிச்ச ஆயிலும் நீர் கலந்து சேறாகும். முன்பெல்லாம் ஒரு குழாய் வைத்து அந்த வாயுவை ரோட்டிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் இதற்கும் பங்குண்டு என்று தெரிந்தபின், 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் பி.சி.வி. வால்வு வைத்து, அதை எஞ்சினுக்கே எரிக்கக் கொடுத்தார்கள்.

வால்வுக்குள் ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் அதிகம். பிளஞ்சர் இழுபட்டு வழி சுருங்கும். மெட்டு ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். உறிஞ்சல் குறையும், ஸ்பிரிங் தள்ளி வழி அகலும். கசிவு அதிகமாவதும் அப்போதுதானே! பேக்ஃபயர் ஆனால் வால்வு மூடிக்கொண்டு, தீ கிராங்க்கேசுக்குள் போகாமல் தடுக்கும்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய டீசல் ஜீப்பில் இது ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அந்த டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது. ஆகவே அந்த உறிஞ்சலும் கிடையாது.

வியாபாரியின் காரில் வால்வு கரி பிடித்து அடைத்திருந்தது. புதுசு போட்டேன், ஒழுகல் நின்றது. சீலுக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பழைய வால்வு இதோ மேஜைமேல் இருக்கிறது. நல்ல வால்வை ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். இதை ஆட்டிப் பாருங்கள். கேட்காது.