குழந்தையின் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் இன்று நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "பள்ளிக் குழந்தைகளுக்குச் சுற்றுச்சூழல் கல்வி" என்பதாகும். இதைப் பற்றி உரையாற்றுவது எளிது. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் விழாக் காலம் என்பது மகிழ்ச்சியின் காலம் மட்டுமன்று. ஆன்ம சோதனையின் காலமுமாகும். ஆகவே நம்முடைய ஒரு குற்றத்தைச் சொல்லியே இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஓர் ஓவியப் போட்டி நடந்தது. "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்பது தலைப்பு. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், ஓர் ஆறு, இரண்டு தென்னை மரம் என்று வரைந்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அந்தக் குழந்தைகளில் பலர் மலையை அருகில் சென்று பார்த்ததுகூட இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வேறு விதமாக வரைந்திருந்தான். ஓர் உயரமான புகைபோக்கி. அதிலிருந்து கறுப்புப் புகை. அதன் கீழ் ஒரு சிறு வீடு. சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் ஒரு மனிதர். "இது யாரப்பா?" என்று கேட்டோம். "எங்க அப்பா, சாமி" என்றான். பிறகு அவனே, "அந்தப் புகைக்கு என்ன சாமி செய்யணும்?" என்று கேட்டான்.

குருவாகிய நாம் என்ன செய்தோம் தெரியுமா? "நன்றாகப் படி" என்று அவன் தலையைத் தடவிவிட்டு, அந்தப் படத்தை நம் மேசை அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். பரிசளிப்பு விழாவுக்கு ஒரு தொழிற்சாலை அதிகாரி தலைமை தாங்க வருவதாக இருந்தது. பள்ளிக்கு ஒரு வகுப்பறை தேவைப்பட்டது. முதல் பரிசு மலைக்கும் தென்னைக்கும் போயிற்று.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. சுற்றுச்சூழல் கல்வி என்பது குழந்தைக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பெரியவர்கள் ஆயத்தமாக இல்லாவிட்டால் அந்தக் கல்வியால் என்ன பயன்? இதுவே நாம் இன்று சிந்திக்க வேண்டிய பொருள்.

சட்டத்திலே குறையொன்றும் இல்லை. 1976-ல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் மூலம், இயற்கைச் சூழலைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று நம் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. எம். சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991 நவம்பரில், பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலை ஒரு கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. அது சரிவர நடைபெறாததால் மீண்டும் வழக்கு எழுந்து, 2004-ல் பாடத்திட்டமும் வகுக்கப்பட்டது. பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இயங்குகிறது. திருச்சபையும் பின்தங்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலின் ஆறாம் இயல் இக்கல்வியைப் பற்றிப் பேசுகிறது.

பாடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. ஓசோன் படலத்தைப் பற்றியும் அமேசான் காடுகளைப் பற்றியும் நம் பிள்ளைகள் தவறில்லாமல் எழுதுகிறார்கள். "ஆரணியாறு எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அவர்களை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டவில்லை.

நம் திருவள்ளூர் மாவட்டமே ஒரு பாடப்புத்தகம் அல்லவா? சென்னை நகர மக்கள் குடிக்கும் தண்ணீருக்குப் பூண்டி, சோழவரம், புழல் என்று நம் மாவட்டத்து ஏரிகளும் ஆதாரம். 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நம் வட்டத்திலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய்க் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேருகிறது. ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் அந்த ஏரிக்கரையில்தான் மகிமை மாதாவின் ஆலயம் இருக்கிறது. அங்குள்ள மீனவர்களிடம் "பாடு" என்றொரு முறை உண்டு. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவரே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாதபடி எழுத்தறியாத முன்னோர் வகுத்த ஒழுங்கு அது. சுற்றுச்சூழல் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? இதைச் சொல்லிக் கொடுக்க அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தால் போதும்.

இவ்வளவும் இனிமையான பாடம். இனிமேல் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது.

நம் ஊரின் மற்றொரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கும் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளும் இங்கே இருக்கின்றன. நாம் தொழிற்சாலைகளைப் பழித்துப் பேச வரவில்லை. இந்தப் பங்கில் எத்தனையோ வீடுகளில் கூரை போய் மாடி வந்தது அந்தச் சம்பளத்தால்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஞாயிறு பூசையில் நம்மோடு நிற்கும் இளைஞர்களின் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். ஆனால் சோறு போடும் கையாயிற்றே என்பதற்காக, அந்தக் கையில் அழுக்கு இருந்தால் கழுவச் சொல்லக்கூடாதா?

ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். நம் தாய்மார்கள் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதைச் சொல்லவில்லை. பேட்டரியில் இருப்பது காரீயம். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாது; மணமும் இல்லை. வேலை முடிந்து உடை மாற்றாமல் வீட்டுக்கு வரும் தந்தையின் சட்டையிலும் தலைமுடியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அதுவும் வீட்டுக்கு வருகிறது. "அப்பா வந்துட்டார்" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் குழந்தையின் கையிலும் வாயிலும் சேருகிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக ஏற்றுக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வளவு இருந்தால் கெடுதலில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்றும் அது சொல்கிறது. இரத்தச் சோகை வரும், கவனம் சிதறும், படிப்பு ஏறாது. "எவ்வளவு அடித்தாலும் இவனுக்குப் படிப்பு வரவில்லை" என்று நம்மிடம் வந்து முறையிடும் பெற்றோர்களே, அடிப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

கொடைக்கானலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே வெப்பமானி செய்த ஒரு தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு, பாதரசத்தோடு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்கு ஓர் உடன்பாடு கிடைத்தது 2016-ல். இடையில் பதினைந்து ஆண்டுகள்! கையில் எடுத்தது என்னவென்று தொழிலாளிக்கு முதல் நாளே யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்?

இன்னும் அருகில் வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அப்படியொரு இரவு நமக்கு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? காற்று எந்தத் திசையில் வீசுகிறதென்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கே தெரியுமா?

ஆகவே, பொன்விழா நினைவாக நான்கு காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, பருவத்திற்கு ஒருமுறை வகுப்பு வெளியே போகட்டும். ஓர் ஏரி, ஒரு வாய்க்கால், பழவேற்காட்டுக் கரை. கண்டதைக் குழந்தைகள் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதட்டும்.

இரண்டாவது, பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். இன்று காற்று எந்தத் திசை, என்ன வாடை, எத்தனை மணிக்கு, கிணற்று நீரின் நிறம் என்ன என்று நாள்தோறும் குறிக்கட்டும். "இரவில் புகை கூடுகிறது" என்று நாம் திண்ணையில் பேசிக்கொள்கிறோம். திண்ணைப் பேச்சு யார் காதிலும் ஏறாது. தேதியும் மணியும் போட்ட குறிப்புக்கு மதிப்புண்டு. அதை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதலாம். ஆனால் ஒன்று: மனுவில் குழந்தைகள் கையெழுத்துப் போடக்கூடாது. கேள்வி அவர்களுடையது, கையெழுத்து நம்முடையது. முதல் கையெழுத்து உங்கள் பங்குத்தந்தையுடையதாக இருக்கும்.

மூன்றாவது, வீட்டுப் பழக்கம். ஈய ஆலையில் வேலை செய்வோர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியே துவையுங்கள். தரையைப் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டுக் கொல்லையில் பழைய பேட்டரியை உடைக்காதீர்கள். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாத உடலில் ஈயம் அவ்வளவு எளிதாக ஏறாது. தொழிலாளர் கழுவிக்கொள்ளவும் உடை வைத்துக்கொள்ளவும் ஆலையிலேயே வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதைக் கேட்பது கலகமன்று. "கேட்டால் வேலை போய்விடுமே" என்ற அச்சம் நமக்குப் புரிகிறது; கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அது பொய்யான அச்சமுமன்று. அதனால்தான் தனியாக ஒருவர் கேட்க வேண்டாம், சேர்ந்து கேட்போம் என்கிறோம்.

நான்காவது, நம் கோயில். சென்ற ஆண்டுத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் இந்த மைதானம் எப்படி இருந்தது? 2019 சனவரி முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் டம்ளர்கள், அன்னையின் கொடிமரத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கியவர்கள் பள்ளிக் குழந்தைகள். அவர்களுக்கு நாம் அன்று நடத்திய பாடம் என்ன? இவ்வாண்டு அன்னதானம் வாழையிலையிலும் சில்வர் டம்ளரிலும்தான் என்று பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. டம்ளர் கழுவ ஆள் வேண்டும், பெயர் கொடுங்கள்.

தொடக்க நூலிலே முதல் மனிதனைத் தோட்டத்தில் வைத்த ஆண்டவர், உழைப்பதையும் காப்பதையும் ஒன்றாகவே அவனிடம் ஒப்படைத்தார். உழைப்பு ஒருவனுக்கு, காவல் வேறொருவனுக்கு என்று பிரித்துக் கொடுக்கவில்லை. நம் ஊரில் பாதி வேலை நன்றாக நடக்கிறது. மறுபாதியைத் தொடங்குவோம்.

இறுதியாக ஒன்று. அந்தப் படத்தை மேசை அறையிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டு, பள்ளித் தாழ்வாரத்தில் இன்று காலை மாட்டினோம். வரைந்த பையன் இப்போது பத்தாம் வகுப்பு. அவனை அழைத்து, "அன்று உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு" என்றோம். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "சைக்கிள் சக்கரம் கோணலா இருக்கு சாமி, வேற வரைஞ்சு தரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றோம். கோணலாகவே இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் நாம் அதைப் பார்ப்போமாக. ஆண்டவர் நம் பிள்ளைகளையும், அவர்கள் தந்தையரின் உழைப்பையும், நாம் குடிக்கும் நீரையும் ஆசீர்வதிப்பாராக.