கடை கீழே, குடி மேலே

பட்டணத்தின் நடுவே பல தலைமுறைகளாக வியாபாரம் நடந்த ஒரு கட்டடம், கடையை மூடியபின் என்ன ஆக வேண்டும்? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். பூட்டிப் போடலாம். சாயம் பூசிப் பார்வைக்கு வைக்கலாம். இன்னொரு வழியும் உண்டு: அதில் ஆட்களைக் குடிவைப்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் புகழ்பெற்ற பழைய பேரங்காடிகள் சில கொண்டோமினிய வீடுகளாக மாறியது இப்படித்தான். நம் ஊரான சிலிம் ரிவரில் பத்து மாடிப் பேரங்காடி எதுவும் இல்லையே, இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரிலிருந்து ஈப்போ வரை கூட்டரசுச் சாலையின் ஓரமாக நிற்கும் பழைய கடைவீடுகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கீழே கடை திறந்திருக்கும். மேல்மாடியில் பல சன்னல்கள் மூடியே கிடக்கும். அந்த மேல்மாடிகள்தாம் நமக்குக் கிடைத்திருக்கும் பேரங்காடி. பழைய கடைக் கட்டடத்தைக் காப்பதற்கு அதில் மக்கள் குடியிருப்பதைவிட நல்ல வழி வேறில்லை. அந்த வீடுகள் சாதாரணச் சம்பளக்காரருக்கும் எட்ட வேண்டும். இதுவே இன்று நான் எடுத்துவைக்கும் வாதம்.

கடையும் வீடும் ஒரே கூரையின்கீழ் இருப்பது புதுமை அல்ல. 1882இல் கல்கத்தாவில் தொடங்கிய வைட்அவே லெய்ட்லா நிறுவனம், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கிழக்கு நாடுகளெங்கும் கிளை பரப்பிய பேரங்காடி. பினாங்கின் பீச் ஸ்திரீட்டில் அதன் கட்டடம் இன்றும் அந்தப் பெயருடனே நிற்கிறது. கல்கத்தாவில் 1905இல் எழும்பிய அதன் தலைமைக் கட்டடத்தில் கீழே துணியும் சாமானும் விற்றார்கள்; மேல்மாடிகளில் அலுவலகங்களோடு குடியிருப்புகளும் இருந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த கிளைக் கட்டடத்தின் கதையும் நாம் அறிய வேண்டியது. அந்நிறுவனம் போனபின், சுதேசமித்திரன் நாளிதழ் அங்கே வந்தது. கட்டடம் விக்டரி ஹவுஸ் ஆனது. பிறகு வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆங்கிலேயருக்காக எழுப்பிய கடை, தமிழ்ப் பத்திரிகை அலுவலகமாகி, பின்னர் தவணை முறையில் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பொருள் விற்ற கடையாயிற்று. பயன் மாறிக்கொண்டே வந்ததால் கட்டடம் பிழைத்தது. மலாயாவின் கடைவீடும் இதே நியாயத்தில் பிறந்ததுதான். முன்னால் அஞ்சடி, கீழே வியாபாரம், மேலே குடும்பம், நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க ஒரு திறந்த முற்றம். கடைக்காரர் கடையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெருவும் இரவில் ஆளரவமற்றுப் போனதில்லை.

பிறகு மேல்மாடிகள் ஏன் காலியாயின? ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர்த்த விடாமல் பிடித்து வைத்தது. குடியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் கிடைக்கும் வாடகை கூரை ஓட்டை மாற்றவும் போதாது என்பதால், பல உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டார்கள். 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முழுமையாக விலகியதும், வாடகை ஒரேயடியாக ஏறியது. பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகர உள்வட்டத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டடங்களுக்கு மதிப்பு வந்தது; அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள். நம்மைப் போன்ற சிறு பட்டணங்களுக்கு வேறு அடிகளும் விழுந்தன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்ததும், ஈப்போ போகும் வண்டிகள் ஊருக்குள் நுழையாமலே போயின. ஒரு கட்டடத்துக்குப் பல வாரிசுகள் உரிமையாளர்களானதால் முடிவெடுக்க ஆளில்லாமல் போனது. சில இடங்களில் மேல்மாடிகளை, கூடுகளை எடுத்து விற்கும் பறவை வளர்ப்புக்கு விட்டார்கள். மனிதர் வாழ்ந்த அறையில் ஈரமும் எச்சமும் சேர்ந்தால் பலகைத் தளம் எத்தனை காலம் தாங்கும்?

வெளிநாட்டு அனுபவத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பிராட்வே தெருவில் 1930இல் திறந்த ஈஸ்டர்ன் கொலம்பியா கட்டடம், 13 மாடியும் பெரிய கடிகாரமும் நீலப்பச்சை ஓடு பதித்த முகப்பும் கொண்ட ஒரு பேரங்காடி. நகர மையம் களையிழந்தபின் வெறிச்சோடிக் கிடந்த அந்த வட்டாரத்துக்காக, 1999இல் மாநகர நிர்வாகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பழைய வணிகக் கட்டடத்தை வீடாக மாற்றுவதற்கான அனுமதியை எளிதாக்கியது. புதிதாகக் கார் நிறுத்துமிடம் கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியது. பணம் கொட்டிக் கொடுக்காமல், தடையை விலக்கியதே அந்த விதியின் சிறப்பு. ஈஸ்டர்ன் கொலம்பியா 147 வீடுகளாக மாறியது. சுற்றியிருந்த வேறு பல கட்டடங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் அங்கே வீடு வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். கனடாவின் வான்கூவரில் நடந்தது இன்னும் சிக்கலானது. 1903இல் தொடங்கி 1993இல் மூடப்பட்ட வுட்வர்ட்ஸ் பேரங்காடி, நகரின் மிக ஏழ்மையான பகுதியில் இருந்தது. காலியாகக் கிடந்த கட்டடத்துக்குள் 2002இல் வீடற்றவர்கள் புகுந்து குடியிருந்து போராடினார்கள். அதன்பின் மாநகரம் கட்டடத்தை வாங்கியது. 2006இல் பெரும்பகுதியை இடித்து, மிகப் பழைய பகுதியை மட்டும் நிறுத்திக்கொண்டு, 536 கொண்டோமினிய வீடுகளோடு 200 சமூக வாடகை வீடுகளையும் ஒரே வளாகத்தில் கட்டினார்கள். பணக்காரர் வாங்கிய வீட்டின் பலம், ஏழையின் வீட்டையும் தாங்கும்படி திட்டத்தை அமைத்தார்கள். சுற்றுப்புற வாடகை ஏறியது என்ற குறை அங்கே இன்றும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏழைக்கும் இடம் வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், அந்த 200 வீடுகளும் கிடைத்திருக்காது.

ஈப்போவின் பழைய நகரத்தில் மறுவாழ்வு வந்திருக்கிறது, மகிழ்ச்சி. கொங் ஹெங் கட்டடம் ஒரு நல்ல சான்று. ஒரு காலத்தில் நாடகக் கலைஞர்கள் தங்கிய விடுதியான அதை, பழைய சுவரையும் செங்கலையும் மறைக்காமல் தங்குவிடுதியாகவும் கடைகளாகவும் மாற்றினார்கள். சுவரோவியங்களைப் பார்க்க வரும் கூட்டம், வெள்ளைக் காப்பி குடிக்க வரும் கூட்டம், எல்லாம் தெருவுக்கு உயிர் கொடுக்கிறது. ஆனால் பயணி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர். அவருக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை, மளிகைக் கடை வேண்டியதில்லை, பஞ்சர் ஒட்டும் கடை வேண்டியதில்லை. கூரையில் ஒழுகல் கண்டால் அன்றே ஏணி போட்டு ஏறுகிறவர் அங்கே குடியிருப்பவர்தான். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் பயணிகளையே நம்பியிருந்த தெருக்கள் எவ்வளவு விரைவாக அடங்கிப்போயின என்பதை நாடே கண்டது. மக்கள் குடியிருக்கும் தெருவில் அப்போதும் அரிசியும் காய்கறியும் விற்றன.

இது நடைமுறைக்கு ஒத்து வருமா? பெரிய பேரங்காடியைவிட நம் கடைவீட்டை வீடாக்குவது எளிது. பேரங்காடியின் தளம் அகலமானது; நடுப்பகுதிக்கு வெளிச்சமே எட்டாது. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு சீர்கட்டட விதிகளோ, ஓர் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது பத்து விழுக்காடு அளவுக்குச் சன்னல் வேண்டும் என்கின்றன. வெளிநாட்டில் இதற்காகக் கட்டடத்தின் நடுவைக் குடைந்து வெளிச்சக் கிணறு போட வேண்டியிருக்கிறது. கடைவீட்டில் அந்த வேலையை முற்றம் முன்பே செய்து வைத்திருக்கிறது. தகரமும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடியதை நீக்கினால் போதும். சுவரில்தான் கவனம் வேண்டும். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. மழையில் ஈரம் உள்ளே போகும். வெயிலில் சுண்ணாம்பின் வழியே வெளியேறும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் சாயம் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். பழைய வீடு என்றாலே ஓயாத செலவு என்று அலுத்துக்கொள்பவர்கள், அந்தச் செலவில் பெரும்பங்கு தவறான பழுதுபார்ப்பால் வந்தது என்பதை அறிய வேண்டும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். மரப்படி ஒன்றே வழியாக இருந்தால், தீ விபத்தில் தப்ப இன்னொரு வழி அமைக்கவும் வேண்டும். சட்டமும் தடையாக நிற்கவில்லை. 1985ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பட்டாச் சட்டத்தின்படி, ஒரே மனையில் நிற்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தளங்கள் கொண்ட கட்டடத்தைத் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிக்க இடமுண்டு. பராமரிப்புக் கட்டணமும் அதில் பத்து விழுக்காடு சேமநிதியும் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தில் சொல்லப்பட்டவை. அந்தச் சேமநிதிதான் நாளைய கூரைக்கு இன்றே கட்டும் பணம்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். சிறு பட்டணத்தில் யார் குடிவருவார்கள், பிள்ளைகளெல்லாம் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்களே என்பது முதல் மறுப்பு. சிலிம் ரிவரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகமும் புரோட்டோன் கார் தொழிற்சாலையும் இருக்கின்றன. தாதியர், ஆசிரியர், மாணவர், தொழிலாளர் எல்லாருக்கும் வாடகை வீடு வேண்டும். மின்சார ரயில் வந்தபின் தலைநகருக்குப் போய்வருவது முன்போல் பாடாக இல்லை. நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் வீடு கிடைத்தால், காருக்குக் கட்டும் தவணையே மிச்சம். வீடு எங்கு தேவைப்படுகிறதோ அங்கே நாம் அதைப் பூட்டி வைத்திருக்கிறோம். ஊருக்கு வெளியே செம்பனை நிலத்தில் புதிய வீடமைப்பு மலிவாயிற்றே என்பது இரண்டாவது மறுப்பு. விற்பனை விலை மலிவுதான். ஆனால் அங்கே போட வேண்டிய சாலை, சாக்கடை, மின்கம்பி, குப்பை அள்ளும் செலவு எல்லாம் வரிப்பணத்தில் வருகின்றன. பட்டணத்து நடுவில் அவை முன்பே இருக்கின்றன. வயதானவர் மாடியேற முடியாதே என்றால், அது நியாயமான கேள்வி. மேல்மாடி இளையோருக்கும் தனியாக வேலை பார்ப்போருக்கும் ஏற்றது. தரைத்தளத்தின் பின்கட்டை முதியோருக்கு ஒதுக்கலாம்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, முதலீடு போட நம்மிடம் பணமில்லை, பணமுள்ளவன் வந்தால் நம்மை வெளியே தள்ளுவான் என்பது. இந்த அச்சம் மலேசியத் தமிழரான நம் வரலாற்றிலிருந்து வருவது. அதற்கான பதிலும் அதே வரலாற்றில் இருக்கிறது. தோட்டத் துண்டாடலின்போது ஆங்கிலேயரின் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட, லயத்து வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்து தெருவுக்கு வந்தவர்கள் நம் மக்கள். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளி சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. பால் மரம் வெட்டிய கைகள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆக முடிந்தது என்றால், ஒரு கடைவீட்டு வரிசையின் மேல்மாடிகளை வாங்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கவோ ஒரு கூட்டுறவால் ஏன் முடியாது? வாரிசுகள் பலராக இருந்து முடிவெடுக்க முடியாத கட்டடங்களுக்குக் குத்தகை முறை மிகவும் பொருந்தும். அவர்கள் உரிமையை விற்க வேண்டியதில்லை. கூட்டுறவு பழுதுபார்த்து வாடகைக்கு விடும், வாடகையில் பங்கு அவர்களுக்குப் போகும். குடியிருப்பவருக்கு வாடகை திடீரென்று ஏறாது என்ற உறுதியை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். வான்கூவரில் மாநகரம் செய்ததை இங்கே கூட்டுறவு செய்யும்.

நேயர்களே, இதற்கு முதலில் தேவைப்படுவது பெரிய நிதி அல்ல, ஒரு கணக்கு. எந்தக் கட்டடத்தின் மேல்மாடி காலியாக இருக்கிறது, அதன் உரிமையாளர் யார், கூரையும் தளமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் வேண்டும். அதை எடுக்க உள்ளாட்சி மன்றத்தைக் கேளுங்கள். வீடாக மாற்ற விரும்பும் உரிமையாளருக்கு அனுமதிக் கட்டணத்திலும் மதிப்பீட்டு வரியிலும் சில ஆண்டுகள் சலுகை கேளுங்கள். கார் நிறுத்தும் நிபந்தனையைச் சிறு கட்டடங்களுக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்துக்கே அப்படியொரு மேல்மாடி சொந்தமாக இருந்தால், வாரிசுகள் எல்லாரும் அடுத்த பெருநாளுக்கு ஒன்றுகூடும்போது அதைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். பூட்டிக் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் கறையானுக்கும் மழைக்கும் போகிறது. ஒரு குடும்பம் குடியேறினால் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு தலைமுறை ஆயுள் கூடும். முடிவு நம் கையில்தான் இருக்கிறது. அதை இப்போதே எடுப்போம்.