நெகிழ்வட்டுகளை இனங்காணல்



1980களிலும் 1990களிலும் கணினியில் தட்டச்சிட்ட பாடக்குறிப்புகள், ஆண்டுமலர்கள், சொற்பட்டியல்கள் பலவும் நெகிழ்வட்டுகளிலேயே சேமிக்கப்பட்டன. பள்ளி அலமாரியில் அத்தகைய வட்டுகள் கிடைப்பின், எறிவதற்கு முன் அவை எவ்வகையின என்று அறிதல் வேண்டும். வகை தெரிந்தால்தான் அவற்றைப் படிக்கும் கருவியைத் தேட இயலும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். 'நெகிழ்வட்டு' என்பது வினைத்தொகை. நெகிழ்ந்த வட்டு, நெகிழ்கின்ற வட்டு, நெகிழும் வட்டு என முக்காலத்திற்கும் விரியும். கெட்டியான உறையுடைய மூன்றரை அங்குல வட்டிற்கும் இப்பெயர் பொருந்துமா என மாணவர் வினவுவதுண்டு. பொருந்தும். நெகிழ்வது உறையன்று, உள்ளிருக்கும், காந்தப்பூச்சுப் பெற்ற மெல்லிய தகடே.

இனங்காண்பதற்கு முதல் அடையாளம் அளவு. 1971இல் ஐபிஎம் நிறுவனம் எட்டு அங்குல வட்டை வெளியிட்டது. 1976இல் ஷுகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல வட்டைக் கொணர்ந்தது. இவ்விரண்டின் உறையும் வளையும். 1980களின் தொடக்கத்தில் சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய மூன்றரை அங்குல வட்டோ, கெட்டி உறையும் நகரும் உலோக மூடியும் உடையது.

அளவு ஒன்றாயினும் கொள்ளளவு வேறுபடும். ஐந்தேகால் அங்குலத்தில் 360 கிலோபைட், 1.2 மெகாபைட் என்னும் இருவகை பெருவழக்கு. நடுத்துளையைச் சுற்றி வலுவூட்டு வளையம் இருப்பின் பெரும்பாலும் அது முன்னது. மூன்றரை அங்குலத்தில் ஒரு மூலையில் மட்டும் துளையிருப்பின் 720 கிலோபைட். எதிர்மூலையிலும் துளையிருப்பின் 1.44 மெகாபைட். பின்னதன் உறையில் 'எச்டி' என்னும் குறியும் காணப்படும். எனினும் மெக்கின்டாஷ் கணினி முதல்வகை வட்டில் 800 கிலோபைட் வரை பதிந்தது. ஆதலின் புறத்தோற்றம் மட்டும் போதாது; எக்கணினியில் பதியப்பட்டது என்பதையும் வினவியறிதல் வேண்டும்.

அடுத்தது காப்பு. ஐந்தேகால் அங்குல வட்டின் ஓரவெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் அதில் எழுத இயலாது. மூன்றரை அங்குல வட்டிலோ, சிறு நழுவியை நகர்த்தித் துளையைத் திறந்தால்தான் எழுத இயலாது. குறி ஒன்றுபோல் தோன்றினும் பொருள் நேரெதிர். மொழி பயில்வோர்க்கு இது புதிதன்று. ஒரு குறியின் பொருளை அது வழங்கும் அமைப்பே உறுதிசெய்கிறது. இக்காப்பைச் செய்த பின்னரே வட்டைக் கருவியில் இடுக. "வடிவமைக்கவா?" எனக் கணினி வினவின் மறுத்துவிடுக, இசைந்தால் உள்ளிருப்பன அழியும்.

கோப்பு திறந்தும் எழுத்துகள் பொருளற்ற குறிகளாய்த் தோன்றலாம். அதனால் கோப்பு கெட்டதெனக் கொள்ளற்க. ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுத்துருதோறும் குறியேற்றம் வேறுபட்டது. உரிய எழுத்துரு கிட்டினால் தமிழ் மீளும்.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, கிடைக்கும் ஒவ்வொரு வட்டிற்கும் அளவு, துளை, ஒட்டுத்தாளில் உள்ள எழுத்து, கணினி, எழுத்துரு ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வையுங்கள். வட்டை எழுதியவர் நம்மிடையே இருக்கும்போதே வினவுங்கள். காந்தப்பதிவு நாள்தோறும் நலிவது. காத்திருக்க நமக்கு நெடுங்காலம் இல்லை.