நம் மண்ணை நாமே எழுதுவோம்



1905இல் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயா வந்து, நம் கோல சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவரும் அவரே. பிறகு, தாம் இங்கே பழகிய மலாய்க்காரரையும் தமிழரையும் வைத்து 'மலேசி' என்ற நாவலை எழுதினார். 1930இல் பிரான்சின் பெரும் பரிசான கோன்கூர் அதற்குக் கிடைத்தது. பாரிஸைப் பற்றி எழுதியா வாங்கினார்? இல்லீங்க, நம்ம ஊரைப் பற்றி எழுதித்தான்!

ஆனாலும் அவர் துரையாக இருந்து பார்த்தவர். லயத்துக்குள்ளே இருந்து பார்க்க நம்மால்தான் முடியும். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் மக்களின் துயரத்தை, 1993இல் நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாகத் தந்தார்.

மாணவர்களே, விடுமுறைக் கட்டுரை என்றால் பார்க்காத ஊட்டியை ஏன் எழுத வேண்டும்? உதிரிப் பழம் பொறுக்கி முள் குத்திய அம்மாவின் கையை எழுதுங்கள். பாட்டி பால்வெட்டிய கதையைக் கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிழையை ஆசிரியர் திருத்திவிடுவார். கண்ணால் கண்டதை யாரும் கடன் தர முடியாது.

பெற்றோர்களே, பிள்ளை கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்குடா?" என்று தள்ளிவிடாதீங்க. உட்கார வைத்துச் சொல்லுங்க. சொல்லாத கதை நம்மோடு போய்விடும்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து.