உடலைத் தாங்கும் தசைகள்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு உடலைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். அப்பணி எமக்கு உவப்பானதே. தருமபுரியிலிருந்தும் கிருட்டினகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இன்னும் தெற்கேயிருந்தும் பிழைப்பை நாடி இந்த அத்திபெலே எல்லைக்கு வந்து குடியேறிய நம்முள் பெரும்பாலோர்க்கு நிலமும் இல்லை. முன்னோர் தேடி வைத்த பொருளும் இல்லை. கைகால்களே முதல். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பவரும், லாரியில் மூட்டை ஏற்றுபவரும், ஓசூர்ச் சாலையில் பேருந்தில் இடிபட்டுச் சென்று கணினியின் முன் அமர்பவரும் அந்த முதலைச் செலவிட்டே குடும்பம் நடத்துகின்றனர். நாற்பது வயதில் இடுப்புப் பிடித்து ஒருவர் படுத்துவிட்டால் அக் குடும்பத்தின் நிலை யாதாகும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எலும்பை இயக்கும் தசைகள் நம் உடலில் 600-க்கும் மேற்பட்டவை. ஆண்மகனின் உடலெடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும், பெண்மணியின் உடலெடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் அவையே. அத்தனைக்கும் பெயர் சொல்வது மருத்துவ மாணவர் பாடு. நாம் அறிய வேண்டியது, அவை எவ்வாறு கூட்டங் கூட்டமாகத் தொழில் புரிகின்றன என்பதே. தசைக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். அது சுருங்கி இழுக்கும், தள்ள அறியாது. ஆகவே இயற்கை அவற்றை எதிரெதிராக அமைத்தது. மேற்கையின் முன்புறத் தசை முழங்கையை மடக்குகிறது. நீட்டுவதற்குப் பின்புறத் தசை வேண்டும். மார்புத் தசைகள் கையை முன்னே செலுத்துகின்றன. முதுகின் அகன்ற தசைகள் பின்னே இழுக்கின்றன. ஒரு புறத்தை மட்டும் வளர்ப்பது, இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டிற்கு மட்டும் தீனி வைப்பதை ஒக்கும்.

நம் இளைஞர் பலர் ஜிம் செல்வதை மகிழ்ச்சியுடன் பார்க்கிறோம். ஆனால், அங்கே நிலைக்கண்ணாடியின் முன் நின்று அவர்கள் பெருக்குவது பெரும்பாலும் மார்பையும் மேற்கையின் முன்புறத்தையுமே. மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்புறத்து முத்தலைத் தசைக்கு உரியது என்பதை அறிந்தால் அவர்களே வியப்பர். நிற்க. கண்ணாடியில் தோன்றாத முதுகும், கால்சட்டைக்குள் மறைந்த தொடையும் பிட்டமுமே உடலின் பெருந்தசைகள் உறையும் இடம். நம்மைத் தாங்குபவை அவையே. உடலில் மிகப் பெரிய தசை பிட்டத் தசை. அமர்ந்த நிலையிலிருந்து எழவும், படியேறவும், குனிந்த உடலை நிமிர்த்தவும் அதுவே முன்னின்று உழைக்கிறது. தொடையின் முன்புறத்தே நான்கு தசைகள் ஒன்றுகூடி முழங்காலை நீட்டுகின்றன. பின்புறத்தே மூன்று தசைகள் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னோக்கி நிமிர்த்துகின்றன. கெண்டைக்காலின் இரு தசைகள் குதிகால் நரம்பு என்று நாம் வழங்கும் தடித்த நாணின் வழியே நம்மை முன்னே உந்துகின்றன. கால் இயங்குந்தோறும் கீழே தேங்கும் குருதியை மேலே அனுப்புவதிலும் அவற்றிற்குப் பங்கு உண்டு. நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று பணிபுரிவோர்க்குக் கால் வீங்குவதன் காரணங்களுள் அவ்வியக்கம் குன்றுவதும் ஒன்று.

இடையே ஒரு சிறு செய்தி. தொடையின் குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய தசை உண்டு. உடலிலேயே மிக நீளமானது. சம்மணமிட்டு அமர்ந்து தைத்த தையற்காரரை எண்ணி மேனாட்டார் அதற்குத் தையற்காரத் தசை என்றே பெயர் சூட்டினர். சம்மணமிட்டு உண்ணும் வழக்கத்தை நாம் இன்று விடாதிருந்தால் அத் தசைக்கும் வேலை இருக்கும்!

நடுவுடலைப் பற்றியும் கூற வேண்டும். முதுகெலும்பின் இருமருங்கும் நெடுக ஓடும் தசைகளும், வயிற்றுச் சுவராக அமைந்த தசைகளும் சேர்ந்து, இறுகக் கட்டிய அரைக்கச்சைபோல் இடுப்பைக் காக்கின்றன. அவை தளர்ந்த நிலையில் சுமை தூக்கினால் நேர்வது யாது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோவிற்குச் சற்று மிகும். அதனை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக் குனிந்து தூக்குகிறோம் என்க. முதுகுத் தசை முதுகெலும்பின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்தே இழுக்க வேண்டியுள்ளது. ஆகவே, துலாக்கோல் முறைப்படி அது 20 கிலோவிற்கன்று, 200 கிலோவிற்கு ஈடாக இழுக்கிறது. குனிந்த மேலுடலின் எடை வேறு அதனுடன் சேர்கிறது. கேனை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் இச் சுமை பாதியினும் கீழே இறங்கும். நிறைந்த சமையல் கேஸ் சிலிண்டரோ 14.2 கிலோ வாயுவும் இரும்புக் கலமுமாக ஏறத்தாழ 30 கிலோ. மாடிப்படியில் அதனைத் தூக்கிச் செல்லும் இளைஞரைக் கூர்ந்து நோக்குக. அவர் தோளோடு அணைத்தே செல்வார், கைநீட்டித் தூக்கார்.

இந்நுட்பத்தை நம் முன்னோர் நூல் படித்து அறிந்தாரல்லர். தென் மாவட்டத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல் கிடக்கும். அதனைத் தூக்கித் தோளின்மேல் கொண்டு பின்னே எறிபவனே பெண் கொள்ளத் தக்கவன் என்பது பழைய வழக்கம். நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் இன்றும் பொங்கல் விழாவில் இப்போட்டி நடைபெறுகிறது, மகளிரும் தூக்குகின்றனர். அதனைத் தூக்கும் முறையைக் காண்மின். முதலில் கால்களை அகற்றிக் கல்லின்மேல் கவிந்து அமர்கின்றனர். முன்கையும் விரல்களும் பற்றுகின்றன. முதுகுத் தசைகள் இறுகிக் கல்லை மடிக்குக் கொணர்கின்றன. அங்கே சற்று நிறுத்தி, மூச்சை வாங்கிக் கல்லை மார்போடு அணைத்தபின், பிட்டமும் தொடையும் ஒருங்கே விசைத்து உடலை நிமிர்த்துகின்றன. இறுதியில்தான் தோளுக்கு வேலை. தலைமுதல் கால்வரை ஒரு பெருந்தசைக் கூட்டமும் விடுபடாத பயிற்சி இது.

வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ எடைப்பிரிவில் 149-உம் 179-உமாக 328 கிலோ தூக்கிப் பொற்பதக்கம் பெற்றார். 2018-இல் கோல்ட்கோஸ்ட் நகரில் 317 கிலோ தூக்கி மீண்டும் பொன் வென்றார். அவ்விரண்டாம் வெற்றிக்கு முன்னர் அவரை வருத்தியது தொடையின் முன்புறத் தசைக்காயம். தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது நேர்ந்தது. தலைக்குமேல் எடை தூக்குபவர்க்கும் கவலை தருவது கையினும் தொடையே என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் வந்து சேர்ந்த இம்மண்ணும் இக்கலையில் குறைந்ததன்று. கன்னடத்தார் மற்பயிற்சிக் கூடத்தைக் கரடி மனை என்பர். புதிதாய் வந்த நம்மவர் விலங்கென மயங்குவதும் உண்டு! தண்டாலும் பஸ்கியும் எல்லைக்கு இருபுறத்தார்க்கும் பொது. பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே. வி. ஐயர் 1930-இல் ‘மசில் கல்ட்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். இரும்பு எடைகளோடு ஆசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் இணைத்து, அஞ்சல் வழியாகவும் பயிற்சி தந்தவர் அவர். ‘சாந்தலா’ என்னும் கன்னட நாவலை எழுதியவரும் அவரே. உடலை வளர்ப்பார்க்கு எழுத்து வாராது என்பார்க்கு இதனைச் சொல்லி வைக்கலாம்.

இனி முதியோரைப் பற்றி. ஊரிலிருந்து நம்மோடு வந்து தங்கியிருக்கும் தாய்தந்தையர் தரையிலிருந்து எழக் கையூன்றுகின்றனர். பின்னர் பிறர் கையை நாடுகின்றனர். பின்னர் அமர்வதையே தவிர்க்கின்றனர். வயதாயிற்று என்று நாமும் விட்டுவிடுகிறோம். அங்ஙனம் விடற்க. 1990-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர்க்குத் தொடைத் தசைப் பயிற்சி அளித்தனர். எடையைப் படிப்படியாகக் கூட்டினர். எட்டு வாரப் பயிற்சியை நிறைவு செய்தோரின் தொடை வலிமை சராசரி 174 விழுக்காடு மிகுந்தது. தொண்ணூறு வயதுத் தசையும் கேட்டால் கொடுக்கிறது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் கிடக்கும் கிடக்கையை நினைத்தால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்தமர்வது பெரும் பாடன்று.

பெண்களுக்கு இப்பயிற்சி ஆகாது, உடல் முரடாகும் என்ற பேச்சு நம் வீடுகளில் உண்டு. அது வெறும் பேச்சே. ஆடைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் தையற்பொறியின்மேல் கவிந்திருக்கும் மகளிர்க்கு மேல்முதுகுத் தசைகள் நீண்ட நிலையிலேயே சோர்கின்றன. பின்னோக்கி இழுக்கும் பயிற்சி அவர்கட்கே மிக வேண்டும். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் காலத்தும், தசையின் இழுப்பே எலும்பை உறுதியாய் இருக்கச் செய்கிறது.

பெருந்தசைக் கூட்டங்கள் யாவற்றிற்கும் வாரத்தில் இரண்டு நாளேனும் வலிமைப் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. 65 வயது கடந்தோர்க்குச் சமநிலையும் வலிமையும் தரும் பயிற்சி மூன்று நாள் வேண்டும் என்கிறது. இதற்கு ஜிம் கட்டணம் கட்டாயமன்று. தொடைக்கும் பிட்டத்திற்கும் பஸ்கி; பிள்ளையார் முன்னிடும் தோப்புக்கரணமும் அதுவே. மார்புக்கும் முத்தலைத் தசைக்கும் தண்டால். இயலாதோர் சுவரில் கைவைத்துச் செய்க. முதுகிற்கு, இடுப்பில் மடங்கி நின்று அரிசி நிறைத்த பையை விலாவை நோக்கி இழுத்தல். கெண்டைக்காலுக்குச் சுவரைப் பற்றிக் குதிகால் உயர்த்தல். பத்துமுறை எளிதாயின் சுமையைச் சிறிது கூட்டுக. கூட்டாவிடில் தசை வளராது. அடுத்த பயிற்சிக்குமுன் இடையே ஒரு நாளேனும் ஓய்வு தருக. இரத்த அழுத்தம் உடையோர் மூச்சை அடக்கலாகாது. அவர்களும் நெஞ்சுநோய் உடையோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. உணவில் பயறும் கடலையும் முட்டையும் மீனும் இயன்றவாறு சேர்க. விரைவில் உடல் திரளும் என்று யாரேனும் ஊசியோ மாத்திரையோ நீட்டினால், தம்பிமார்களே, அக்கூடத்தைவிட்டு அன்றே வெளியேறுங்கள்.

மேடையின் இடப்புறத்தே தண்ணீர்க் கேன்கள் நான்கு நிறைத்து வைக்கப்பட்டுள்ளன. அணைத்துத் தூக்கும் முறையை இப்போதே செய்து பார்க்கலாம். முதலில் தாய்மார்கள் வரிசை முன்வருக. முதுகு நோவு உடையோர் வெற்றுக் கேனை எடுத்துக்கொள்க.